நாலு வேன், பன்னிரண்டு பலகை

உதயகுமார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் தங்கமாரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தன்னை இப்போது ஞாபகம் வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று. வரவேயில்லை.

"யூடியூப்ல உங்க வேலையைப் பாத்தேம்மா. அந்தப் பஸ்ஸுக் கண்ணாடி, வைப்பர், கூரை மேல ஏறுற ஏணி... அடேயப்பா! பாளையம்பட்டியில இப்படி ஒரு ஆளு இருக்கீங்கன்னு எங்க யாருக்கும் தெரியாமப் போச்சே" என்றான்.

தங்கமாரி செய்வது குட்டிச் சாமான்கள். பஸ் பைத்தியம் பிடித்த ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தாங்கள் போய்வருகிற ரூட்டு பஸ்ஸை அப்படியே கையளவில் செய்து வீட்டில் வைத்துக்கொள்கிறவர்கள். அட்டையிலும் தகரத்திலும் பாடியைக் கட்டிவிடுவார்கள். சின்னச் சாமானில்தான் மாட்டிக்கொள்வார்கள். ஸ்டியரிங், சீட்டு, கம்பி, ஹாரன், கதவுக் கைப்பிடி. அவர்கள் போட்டோவும் அளவும் அனுப்ப, இவள் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு மாதிரியைச் செதுக்கி, அதன்மேல் ரப்பரை ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சில் ரெசினை ஊற்றி, பத்தோ இருபதோ வார்த்து, பிசிறு சீவி, உப்புத்தாள் போட்டு அனுப்பிவைப்பாள். ஒரு பஸ்ஸுக்குச் செய்தது இன்னொரு பஸ்ஸுக்குப் பொருந்தாது. அதனால் மொத்தமாகச் செய்து குவிக்கிற வேலையும் கிடையாது.

"நீங்க எந்தக் கம்பெனி?" என்று கேட்டாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"மில்லும்மா. திருச்சுழி ரோட்டுல இருக்கே, அதான். நான் அங்க பெர்சனல் ஆபீசர், லேபர் விஷயமெல்லாம் நான்தான் பாக்குறேன். மார்ச் மாசம் பாதுகாப்பு வாரம் வருது. பெரிய அதிகாரியெல்லாம் வாராங்க. எங்க நாலு யூனிட்டுக்கும் லேபரைக் கூட்டிட்டு வர்ற வேன் எப்படிப் பாதுகாப்பா இருக்குன்னு காட்டணும். சும்மா போஸ்டர் ஒட்டுனா எவன் பாப்பான்? அதான் இப்படி யோசிச்சேன். நாலு வேன். ஒரே மாதிரி. கூரையைத் தூக்குனா உள்ள எல்லாம் தெரியணும். பன்னெண்டு சீட்டு, சீட்டுக்குச் சீட்டு பெல்ட்டு, தீயணைக்கிற சிலிண்டர், முதலுதவிப் பெட்டி. முக்கியமா பின்னாடி அவசரக் கதவு. அது திறந்து மூடணும்."

"திறந்து மூடணுமா?"

"ஆமாம்மா. அதானே விஷயமே."

தங்கமாரிக்கு இடுப்பில் ஆணி வைத்துத் தைத்த இடம் சுருக்கென்று இழுத்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"செஞ்சு தாரேன்" என்றாள்.

அந்த மில்லில் அவள் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். அறுந்த நூலைக் கோர்க்கிற வேலை. அப்போது திருச்சுழிக்குக் கிழக்கே அவள் புருஷன் ஊரில் இருந்தார்கள். காலையில் அஞ்சரைக்கு மில்லு வேன் வரும். பன்னிரண்டு சீட்டு உள்ள அந்த வேனில் இருபத்தேழு பேர் போனார்கள். சீட்டுக்கு நடுவே நடைபாதையில் ரெண்டு பலகை. கடைசியில், பின்கதவை மறித்து ஒரு பலகை. பலகை ஆடக்கூடாது என்று கதவின் குறுக்கே இரும்பு ஆங்கிளை வைத்து வெல்டு அடித்திருந்தார்கள்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. தரைப்பாலத்தில் ஓடைத் தண்ணீர் வேன் சக்கரத்தைத் தள்ளியது. வேன் இடதுபக்கமாகச் சாய்ந்து விழுந்தது. ஏறுகிற கதவு சேற்றுக்குள் போய்விட்டது. மிச்சமிருந்தது பின்கதவு ஒன்றுதான். பின்பலகையில் உட்கார்ந்திருந்தவள் பிச்சையம்மாள். தங்கமாரிக்குப் பக்கத்து வீடு. தங்கமாரி அவளை மதினி என்று கூப்பிடுவாள். நல்ல உரத்த குரல்காரி, வேனில் இடத்துக்குத் தினமும் சண்டை போடுகிறவள். அன்றைக்கு அவள் அந்தக் கதவை எட்டி எட்டி உதைத்தது தங்கமாரிக்குக் கேட்டது. ஒவ்வொரு உதைக்கும் கெட்ட வார்த்தை. பக்கத்தில் விறகைக் கரியாக்கக் கரிமூட்டம் போடுகிற ஆட்கள் ஓடிவந்து முன்கண்ணாடியை உடைத்து ஒவ்வொருத்தராக இழுத்தபோது, தண்ணீர் பின்பக்கம் முழுதும் ஏறியிருந்தது. உதைக்கிற சத்தம் நின்றிருந்தது.

இடுப்பு எலும்பு ஒடிந்து கிடந்த தங்கமாரியின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஒரு தாளோடு வந்தவன் உதயகுமார்.

"கையெழுத்துப் போடத் தெரியும் சார். பத்தாவது படிச்சிருக்கேன்" என்று அவள் முனகியபோது, "கையில கட்டுப் போட்டிருக்குல்லம்மா, சிரமப்படாதீங்க" என்று அவனே இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, தாளில் அழுத்தினான். பிறகு தன் கைக்குட்டையால் அவள் விரலைத் துடைத்துக்கூட விட்டான். தாளில் இருந்ததை சில மாதம் கழித்து இன்சூரன்ஸ் ஆள் வாசித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. வண்டியில் பன்னிரண்டு பேர். பின்கதவு நல்ல நிலையில் இருந்தது. இறந்தவர் பதற்றத்தில் கதவைத் திறக்கத் தெரியாமல் இருந்துவிட்டார்.

திறக்கத் தெரியாமல்! அந்த ஒரு சொல்லை நினைத்து அவள் எத்தனை நாள் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பாள்!

விரலைப் பிடித்து அழுத்திய அந்த ஆள், இன்றைக்கு அவள் வீட்டுக்கே வந்து அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அவள் யாரென்றே தெரியாமல் போயிருக்கிறான்.

மத்தியானம் புருஷன் கருத்தப்பாண்டி சாப்பிட வந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். கரிமூட்டை ஏற்றுவான், வாரத்தில் மூன்று நாள் அதே மில்லின் கழிவுப் பஞ்சையும் ஏற்றுவான். விஷயத்தைக் கேட்டதும் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

"அந்த ஆளு வேலையை எதுக்கு ஒத்துக்கிட்ட? முடியாதுன்னு சொல்லி விட்டிருக்க வேண்டியதான?"

"முடியாதுன்னு சொன்னா வேற எவன்கிட்டயாவது போவான். திறந்து மூடுற கதவு வச்ச வேன் மேசை மேல உக்காந்திருக்கும். பிச்சையம்மா மதினிக்குத்தான் திறக்கத் தெரியலன்னு ஊரே நம்பும்."

"ரெண்டு வருசம் ஆச்சு புள்ள. போனவ திரும்பியா வரப்போறா?"

"அதைச் சொல்லாதீங்க. அதை மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க" என்று அவள் கத்தியதில் அடுத்த வீட்டு ஆள் எட்டிப்பார்த்தது.

கருத்தப்பாண்டி குரலைத் தணித்துக்கொண்டான். "சரி, என்ன செய்யப்போற?"

"இருந்தது இருந்தபடி செய்யப்போறேன். இருபத்தேழு பேரு உக்கார்ற வேன்."

"அந்தப் புள்ள சுவாதி அங்கதான் வேலை பாக்குது. நெனச்சுப் பாத்தியா? நீ பாட்டுக்கு ஏதாவது செஞ்சுட்டு வந்துருவ. அது வேலைதான் போகும்."

அதுதான் அவளை நிறுத்தியது. பிச்சையம்மாள் செத்த மூன்றாம் மாதம், அவள் மகள் சுவாதியைக் கூப்பிட்டு மில்லில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். பெரிய உபகாரம்போல ஊரெல்லாம் பேசினார்கள். கேஸைத் தூக்கிக்கொண்டு எவரும் போகாததற்கு அதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை தங்கமாரி பஸ் ஏறித் திருச்சுழியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் பழைய ஊருக்குப் போனாள். சுவாதி குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தது. இருபது வயசு. அம்மாவின் முகவெட்டு அப்படியே. இவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"என்ன அத்தை, வழி தெரிஞ்சு வந்துட்டீக?"

தங்கமாரி உதயகுமார் வந்ததைச் சொன்னாள். நாலு வேனைச் சொன்னாள். தான் செய்ய நினைப்பதையும் சொன்னாள். சுவாதி துணியைப் பிழிந்துகொண்டே கேட்டது. முறுக்கி முறுக்கி, துணியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் முறுக்கிக்கொண்டிருந்தது.

"இப்ப எதுக்கு எங்கிட்டக் கேக்க வந்தீக? அன்னைக்குத் தாளுல விரல் வைக்கும்போது கேட்டீகளா?"

"என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது தாயி."

"தெரிஞ்சப்பறம் ரெண்டு வருசமா என்ன செஞ்சீக? பஸ்ஸுக்குக் கண்ணாடி செஞ்சீகளாக்கும்."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. திரும்பிப் போய்விடலாமா என்று தங்கமாரி நினைத்தாள். அப்போது சுவாதி குரல் மாறிக் கேட்டது: "எங்கம்மா எங்க உக்காந்திருந்தா? எவளும் எங்கிட்டச் சொல்லல. கேட்டா தூங்கிட்டேன்றாளுக."

"பின்பலகையில. கதவை ஒட்டி. உதைச்சா. கடைசி வரைக்கும் உதைச்சா. கதவு வெல்டு அடிச்சிருந்துச்சு. யாரு வந்தும் திறந்திருக்க முடியாது."

சுவாதி வாளியைத் தள்ளிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. அழவில்லை. "இப்பவும் பலகை கிடக்கு அத்தை" என்றது.

"என்னது?"

"எல்லா வேன்லயும் கிடக்கு. நாலு யூனிட்டு வேன்லயும். ஆங்கிள் அடிச்சுத்தான் வச்சிருக்கான். நான் தினம் அதுலதான் உக்காந்து போறேன். எங்கம்மா உக்காந்த எடமுன்னு தெரியாம."

தங்கமாரி ரெண்டு வருஷமாகப் பட்ட கோபமெல்லாம் நடந்து முடிந்த ஒன்றின் மேல் பட்ட கோபம். ஒருத்தி செத்ததோடாவது பலகையைக் கழற்றியிருப்பார்கள் என்று மனசின் ஒரு மூலையில் நினைத்திருந்தாள். அதுகூட இல்லை. ஒரு சாவு அவர்களுக்கு ஒரு ஸ்பானர் எடுக்கிற அளவுக்குக்கூடப் பெறவில்லை.

"அளவு வேணும் சுவாதி. பலகை நீளம், உசரம், போல்ட்டு எங்கன எங்கன இருக்குன்னு. கண்ணளவுல சொல்லக்கூடாது."

"எடுத்துத் தாரேன்."

"வேலை போயிருமே?"

"போனாப் போகுது. செய்ங்க அத்தை. ஆனா சரியாச் செய்யணும். ஒரு நூலு தப்பிருந்தாலும் பொய்யின்னுருவான்."

நாலாம் நாள் சுவாதி ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பியது. உள்ளே மில்லு நூல். வேனில் போகும்போதே நூலைப் பலகையோடு வைத்துப் பிடித்து முடிச்சுப் போட்டிருந்தது. ஒவ்வொரு நூலிலும் ஒரு துண்டுத் தாள்: 'நீளம்', 'அகலம்', 'தரையிலிருந்து', 'போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல'. தங்கமாரி அதை மேசையில் நீட்டி அளந்து, பதினாறில் ஒரு பங்காகக் கணக்குப் போட்டாள். நிஜ வேனில் ஒரு அடி இருந்தால் இதில் முக்கால் அங்குலம்.

முதலில் உதயகுமார் கேட்டதைச் செய்தாள். ஒரு சீட்டை மட்டும் செதுக்கி, மூன்று அச்சு எடுத்து, நாற்பத்தெட்டுச் சீட்டு வார்த்தாள். சாதாரணமாக ரெசின் ஊற்றும்போது அவளுக்கு மனசு அமைதியாகிவிடும். குமிழி வராமல் மெல்லச் சாய்த்து ஊற்றி, அச்சை லேசாகத் தட்டி, கெட்டியாகிற வரைக்கும் வேறு நினைப்பே இருக்காது. இந்த முறை ஆத்திரத்தில் அவசரமாகக் கலக்கி ரெண்டு தடவை சரக்கு வீணாய்ப் போனது. பிசிறு சீவும்போது பிளேடு விரலில் ஏறியது. "பெல்ட்டு வேணுமாம்ல, பெல்ட்டு" என்று தனியே பேசிக்கொண்டு, ரிப்பனைக் கிழித்துச் சீட்டுக்குச் சீட்டு ஒட்டினாள்.

நடுவில் உதயகுமார் ஒருநாள் வந்து பார்த்தான். சுண்டுவிரல் நுனி அளவு சிவப்புச் சிலிண்டரை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். "கலைம்மா இது, கலை. விழாவுல உங்களை மேடையில ஏத்தி ஒரு சால்வை போடச் சொல்றேன்" என்றான்.

"அதெல்லாம் வேண்டாம் சார். விழாவுக்குக் காலையில நானே கொண்டாந்து மேசையில வைக்கிறேன். இப்பவே அனுப்பினா வழியில உடைஞ்சுபோகும். அது போதும்."

"தாராளமா வாங்க."

அவன் போன பிறகுதான் பலகை வேலையைத் தொடங்கினாள். வேனுக்கு மூன்று, நாலு வேனுக்குப் பன்னிரண்டு. இதற்கு அச்சு எடுக்கவில்லை. பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகக் கையால் அறுத்தாள். போல்ட்டுத் தலைக்குக் குண்டூசியை வெட்டி வைத்தாள். பின்கதவுக்குக் குறுக்கே ஆங்கிள் வைக்கத் தகரத்தை மடித்து, வெல்டு அடித்த கட்டி கட்டியான தடம் தெரிகிறமாதிரி பசையும் பவுடரும் குழைத்து வைத்தாள். கருத்தப்பாண்டி அவள் வேலை செய்கிற பக்கமே வராமல் இருந்தான். ஒருநாள் மட்டும் வந்து நின்று பார்த்தான். நாலாவது வேனின் பின்கதவைச் சுண்டுவிரலால் தள்ளினான். அது அசையவில்லை. லோடு ஏற்றக் கிளம்பிப் போய்விட்டான்.

விழா அன்றைக்கு மில்லு முற்றத்தில் பந்தல். காலை ஷிப்டுப் பெண்களை வரிசையாகத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் புதுத் தொப்பி கொடுத்திருந்தார்கள். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா; கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். தங்கமாரி முன்கூட்டியே வந்து, நாலு அட்டைப்பெட்டியையும் மேசையில் வரிசையாக வைத்து, மேலே துண்டைப் போர்த்தி, பக்கத்திலேயே நின்றுகொண்டாள். உதயகுமார் பார்க்க வந்தபோது, "அவுக வந்து திறக்கட்டும் சார், அதான் மரியாதை" என்றாள். அவனுக்கும் அது பிடித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். துண்டை எடுத்தார்கள், பெட்டியைப் பிரித்தார்கள். நாலு வெள்ளை வேனும் பளபளவென்று நின்றன. கைதட்டினார்கள். உதயகுமார் மைக்கில், "நம்ம நிர்வாகம் தொழிலாளர் பாதுகாப்புல எந்த அளவுக்கு அக்கறையோட..." என்று சொல்லிக்கொண்டே முதல் வேனின் கூரையைத் தூக்கினான்.

பேச்சு அங்கேயே நின்றது.

"இந்தப் பலகையெல்லாம் என்ன?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அது... செஞ்சவங்க ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க மேடம். நான் குடுத்த வரைபடம் வேற." கூரையை மூடப்போனான்.

தங்கமாரி அவன் கையைப் பிடித்தாள். அவளுக்கே அது எப்படி நடந்தது என்று பிறகு ஞாபகமில்லை.

"தப்பு இல்லம்மா. இது நூலு பிடிச்சு அளந்தது. இந்த மில்லு வேனு நாலுலயும் இப்படித்தான் இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முந்தித் தரைப்பாலத்துல விழுந்த வேனுலயும் இப்படித்தான் இருந்துச்சு. நான் அதுக்குள்ள இருந்தேன்."

உதயகுமார் அவளை அப்போதுதான் பார்த்தான். மேலிருந்து கீழாக, இடுப்பைச் சாய்த்து அவள் நிற்கிற விதத்தை. யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் ஆள் சமாளித்துக்கொள்கிறவன்.

"மேடம், இவங்க எங்க பழைய லேபர். அப்ப விபத்துக்கு இவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க, கதவு சரியா இருந்துச்சுன்னு. பதிவு இருக்கு."

"எழுதிக் குடுத்தேனா? நானா எழுதுனேன்?" தங்கமாரியின் குரல் பந்தலைத் தாண்டிப் போனது. "எலும்பு ஒடிஞ்சு கெடந்தவ விரலைப் புடிச்சு நீ அழுத்துன. கையெழுத்துப் போடுவேன்னு சொன்னேன், வேண்டாம்ன. செத்தவளுக்குக் கதவு திறக்கத் தெரியலன்னு எழுதுனியே, அந்தக் கதவை நீ திற பாப்போம். இந்தா இருக்கு. திற!"

வேனைத் தூக்கி அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். அவன் தட்டிவிட்டான். வேண்டுமென்று தட்டினானோ பதற்றத்தில் தட்டினானோ, வேன் தரையில் விழுந்து கூரை ஒரு பக்கம், சீட்டுகள் ஒரு பக்கமாகச் சிதறின. தீப்பெட்டி அளவுச் சீட்டுகள் உட்கார்ந்திருந்த பெண்களின் மடிவரைக்கும் தெறித்து ஓடின.

வரிசையிலிருந்து சுவாதி எழுந்து வந்தது. புதுத் தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டது. மேசையில் இருந்த ரெண்டாவது வேனின் கூரையைத் தூக்கி, உள்ளே விரலை வைத்தது.

"எங்கம்மா இங்க உக்காந்திருந்தா. நான் இப்ப இங்க உக்காந்து வாரேன்."

அதற்குப் பிறகு இன்னொருத்தி வந்தாள். விபத்தில் தப்பியவள், தூங்கிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள். நடுப்பலகையைத் தொட்டு, "நான் இது. எனக்குப் பின்னாடி ரெண்டு பேரு" என்றாள். அப்புறம் ஒருத்தி. அப்புறம் ரெண்டு பேர் சேர்ந்து. "நான் இந்த மூலை." "எனக்கு உக்கார எடமே கெடையாதும்மா, நின்னுக்கிட்டு வருவேன், இங்கன." எல்லோரும் வரவில்லை. பாதிக்கு மேல் தலையைக் குனிந்தபடியே இருந்தார்கள். தங்கமாரிக்கு அவர்கள்மேலும் கோபம் வந்தது. அது அப்படியே நின்றும் போனது. ரெண்டு வருஷம் தானும் குனிந்து இருந்தவள்தானே.

இன்ஸ்பெக்டர் மைக்கைக் கீழே வைக்கச் சொன்னார். "வேனெல்லாம் எங்கே நிக்குது?"

"வண்டி நிறுத்துற செட்டுல மேடம். டீ சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றான் உதயகுமார்.

"இப்பவே போலாம்."

செட்டில் நாலு வேனும் கழுவி மாலை போட்டு நின்றன. உள்ளே பலகை இல்லை. காலையில் ஆட்களை இறக்கிவிட்டதுமே கழற்றியிருந்தார்கள். உதயகுமார் கைகளை விரித்துக் காட்டினான். சுவாதி வேனுக்குள் ஏறித் தரைவிரிப்பை இழுத்துச் சுருட்டியது. தகரத்தில் போல்ட்டு ஓட்டைகள். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "அந்த மாடலைக் கொண்டாங்க" என்றார். ஓட்டைக்கு ஓட்டை வைத்துப் பார்த்தார். நடைபாதையில் எட்டு, பின்னால் நாலு. எண்ணிக்கையும் சரி, இருந்த இடமும் சரி. பின்கதவு ஓரத்தில் ஆங்கிளை அறுத்து எடுத்த தடம் புதுசாக மினுங்கியது. மேலே பூசிய பெயிண்ட் இன்னும் காயவில்லை. அவர் விரலில் வெள்ளையாக ஒட்டியது. பலகைகள் பஞ்சுக் குடோனுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. வழிகாட்டிக் கூட்டிக்கொண்டு போனவர்கள் அந்தப் பெண்கள்தான்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார். ஒரு குட்டி வேனைப் பெட்டியில் வைத்து, மேலே தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். தங்கமாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "விசாரணைக்கு வருவீங்களா?"

"எங்க கூப்பிட்டாலும் வாரேன்."

அடுத்து நடந்ததெல்லாம் நல்லதாக இல்லை. வேனுக்குக் காண்டிராக்ட் எடுத்தவன்தான் பொறுப்பு என்று மில்லு கைகழுவியது. உதயகுமார் அதே நாற்காலியில்தான் இருக்கிறான். சுவாதியை ஒரு வாரத்தில் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். பாளையம்பட்டியில் ஒரு துணிக்கடையில் சேர்ந்திருக்கிறது. கருத்தப்பாண்டிக்குப் பஞ்சு லோடு நின்றது. அவன் மூன்று நாள் தங்கமாரியிடம் பேசவில்லை. நாலாம் நாள், "எனக்குக் கோவம் தீரல. அதுக்காக விசாரணைக்குப் போகாம இருந்துராத. போய்ச் சொல்லு" என்றான்.

ஆனால் வேன்களில் பலகை போய்விட்டது. பின்கதவு திறக்கிறது. கூடுதலாக மூன்று வேன் ஓடுகிறது. விபத்து விசாரணையை மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். அந்த வேனில் இருந்தவர்களில் ஒன்பது பேர், முன்பு எழுதிக் கொடுத்தது பொய் என்று சொல்ல வந்தார்கள்.

முதல் விசாரணை அருப்புக்கோட்டையில் நடந்தது. மில்லு வக்கீல் தங்கமாரியை ஒருமணி நேரம் நிறுத்திவைத்துக் கேட்டார். பொம்மை செய்கிறவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்றுகூடக் கேட்டார். இடுப்பு கடுத்தது. உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. கேட்டதற்கெல்லாம் கத்தாமல் பதில் சொன்னாள். கத்தாமல் இருந்ததுதான் அன்றைக்கு அவளுக்கு எல்லாவற்றையும்விடச் சிரமமாக இருந்தது.

வெளியே டீக்கடை ஓரத்தில் சுவாதி நின்றது. ரெண்டு டீ சொல்லியிருந்தது. குடித்து டம்ளரை வைத்துவிட்டு, "உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிறாதீக அத்தை" என்றது.

"நெனைக்கல."

"ரெண்டு வருசம் பேசாம இருந்தீகல்ல. அது எனக்குப் போகாது."

"எனக்கும் போகாது தாயி."

சுவாதி ரோட்டைப் பார்த்தது. பாளையம்பட்டி போகிற டவுன் பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அடுத்த வாய்தா இருபத்தொண்ணாம் தேதி. கடையில லீவு சொல்லிட்டேன். வந்துருவீகள்ல?"

"வந்துருவேன்."

பஸ்ஸில் கூட்டம். சுவாதி முன்னால் ஏறிக்கொண்டது. தங்கமாரி பின்படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.